கார் கியர்பாக்ஸில் 'ஆயுட்கால எண்ணெய்' உண்மையா? வீட்டிலேயே மாற்ற விரும்புவோர் அறிய வேண்டியவை

நவி மும்பை: நெருளில் குடியிருந்து செம்பூர், மாட்டுங்கா, தாராவி என தானே கழிமுகத்தைக் கடந்து நாள்தோறும் காரில் சென்று திரும்புவோருக்குத் தானியங்கி கியர் கார் பெரும் ஆறுதல். வாஷி பாலத்திலும் மான்குர்து சந்திப்பிலும் ஊர்ந்து செல்லும்போது கிளட்ச் மிதிக்கும் வேலை இல்லை. ஓட்டுநரின் இடது காலுக்குக் கிடைக்கும் அந்த ஓய்வுக்கான உழைப்பை, கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சில லிட்டர் எண்ணெய் ஏற்றுக்கொள்கிறது. எஞ்சின் ஆயிலைத் தவறாமல் மாற்றுவோரில் பலர் இந்த எண்ணெயைப் பற்றி எண்ணிப் பார்ப்பதில்லை. "இது ஆயுட்கால எண்ணெய், மாற்றத் தேவையில்லை" என்ற சொல்லே அதற்குக் காரணம்.

இந்த எண்ணெயை மாற்றும் செலவு சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். கியர்பாக்ஸ் பழுதானால் செலவு லட்சத்தைத் தாண்டக்கூடும். அதனால் இதை வீட்டு வளாகத்திலேயே மாற்றிக்கொள்ளலாமா என்ற கேள்வி கார் உரிமையாளர்களிடையே எழுகிறது. சில வகைக் கார்களில் மாற்றலாம். சில வகைகளில் தொடவே கூடாது. இந்த வேறுபாட்டை அறியாமல் போல்ட்டைக் கழற்றுவது, மாற்றாமல் விடுவதைக் காட்டிலும் பெரிய இழப்பைத் தரக்கூடும்.

எண்ணெய் செய்யும் நான்கு வேலைகள்

எஞ்சின் ஆயிலின் முதன்மைப் பணி உராய்வைக் குறைப்பது. தானியங்கி கியர்பாக்ஸில் உள்ள எண்ணெய், அதாவது ஏடிஎஃப், ஒரே நேரத்தில் நான்கு வேலைகளைச் செய்கிறது.

முதலாவது, ஆற்றலைக் கடத்துவது. எஞ்சினுக்கும் கியர்களுக்கும் இடையே உள்ள டார்க் கன்வெர்ட்டரில் இரு விசிறிகள் எதிரெதிரே உள்ளன. எஞ்சினோடு சுழலும் விசிறி எண்ணெயை வீச, அந்த ஓட்டத்தின் விசையில் மற்றொன்று சுழல்கிறது. சிக்னலில் பிரேக்கை மிதித்து நிற்கும்போது எஞ்சின் அணையாமல் இருப்பது இதனால்தான்.

இரண்டாவது, அழுத்தத்தைத் தருவது. பம்பிலிருந்து வரும் எண்ணெய், வால்வு பாடியின் நுண்ணிய வழிகளில் பாய்ந்து, கிளட்ச் தட்டுகளை அழுத்துகிறது. கியர் மாறுவது இந்த அழுத்தத்தால்தான். மூன்றாவது, பல்சக்கரங்களுக்கும் பேரிங்குகளுக்கும் வழவழப்பு அளிப்பது. நான்காவது, உள்ளே உண்டாகும் வெப்பத்தைக் குளிர்விப்பானுக்குக் கொண்டு செல்வது.

கிளட்ச் தட்டுகள் வழுக்கவும் கூடாது, வெடுக்கென்று பற்றவும் கூடாது. இந்தச் சமநிலையை எண்ணெயில் கலந்துள்ள வேதிச் சேர்மங்களே காக்கின்றன. வெப்பத்தால் இவை சிதையும்போது, கியர் மாறும்போது உதறல், தாமதம், வழுக்கல் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகத் தலைகாட்டும்.

'ஆயுட்காலம்' என்பது எதன் ஆயுள்?

பல புதிய கார்களில் கியர்பாக்ஸ் எண்ணெயைப் பார்க்க அளவுகோல் கம்பி இல்லை. பராமரிப்பு அட்டவணையிலும் இந்த எண்ணெய்க்கு இடம் இருப்பதில்லை. இதைக் கொண்டே 'ஆயுட்கால எண்ணெய்' என்ற பெயர் நிலைத்தது. ஆனால் எந்த எண்ணெயும் வெப்பத்தால் ஆக்சிஜனேற்றம் அடையும். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது: இயல்பான இயக்க வெப்பநிலைக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் உயர்வுக்கும் எண்ணெயின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிறது.

பல உயர்விலைக் கார்களுக்குத் தானியங்கி கியர்பாக்ஸ் தயாரித்து வழங்கும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 ஆண்டுகளில் எண்ணெயை மாற்றுமாறு பரிந்துரைத்து வந்துள்ளது. அதே கியர்பாக்ஸ் பொருத்தப்பட்ட காரின் விற்பனையாளர் 'மாற்றவே வேண்டாம்' என்று சொல்லக்கூடும். உத்தரவாதக் காலத்தைத் தாண்டி அந்தக் காரை யார் ஓட்டப்போகிறார் என்பதைப் பொறுத்து 'ஆயுள்' என்ற சொல்லின் பொருள் மாறுகிறது. மூன்று ஆண்டுகளில் காரை விற்றுவிடுபவருக்கு அது போதுமான ஆயுள். பத்து ஆண்டுகள் வைத்திருக்க எண்ணுபவருக்கு அது போதாது.

நெருள் கார்களுக்கு ஏன் கூடுதல் கவனம் தேவை?

கார் கையேடுகளில் பராமரிப்பு அட்டவணை பெரும்பாலும் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒன்று இயல்பான பயன்பாடு. மற்றொன்று கடுமையான பயன்பாடு. நெரிசலில் நின்று நின்று செல்வது, அதிக வெப்பம், தூசி, அடிக்கடி குறுகிய தூரம் ஓட்டுவது, மலைச்சாலை ஆகியவை இரண்டாவது பட்டியலில் இடம்பெறும். 32 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் நெரிசலான பகுதியில் ஓட்டுவதையே கடுமையான பயன்பாடாகக் குறிப்பிடும் கையேடுகளும் உண்டு. முதல் அட்டவணையில் 'மாற்றத் தேவையில்லை' என்று கூறும் அதே கையேடு, இரண்டாவதில் ஏறத்தாழ 1 லட்சம் கிலோமீட்டரில் மாற்றச் சொல்வதும் வழக்கம்.

சயான்–பன்வேல் நெடுஞ்சாலையில் காலை நேரத்தில் செல்லும் கார், இந்த அளவுகோலின்படி கடுமையான பயன்பாட்டில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது டார்க் கன்வெர்ட்டர் உள்ளேயே பூட்டிக்கொள்வதால் வெப்பம் குறைவு. ஊர்ந்து செல்லும்போது அந்தப் பூட்டு திறந்தே இருக்கும். விசிறிகளுக்கிடையே எண்ணெய் கலக்கப்பட்டு, ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாக மாறும். முன்புறத்தில் எதிர்க்காற்றும் குறைவாகவே இருக்கும். எனவே கிலோமீட்டர் கணக்கை மட்டும் பார்ப்பது போதாது. புணேவுக்கு விரைவுச்சாலையில் ஓடிய 40,000 கிலோமீட்டரும், செம்பூர் சிக்னல்களில் ஊர்ந்த 40,000 கிலோமீட்டரும் எண்ணெய்க்கு ஒன்றல்ல.

வெப்பமும் ஈரப்பதமும் எண்ணெய்த் தேர்வையே மாற்றிய நிகழ்வும் உண்டு. 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் உலக அளவில் ஏறத்தாழ 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. ஏழு கியர் கொண்ட இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸில் இருந்த செயற்கை எண்ணெயை அகற்றிவிட்டுக் கனிம எண்ணெயை நிரப்புவதே அதன் நோக்கம். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில், நெரிசலான ஓட்டத்தில், செயற்கை எண்ணெய் மின்கோளாறுக்கு வழிவகுக்கலாம் என்பது அப்போது தரப்பட்ட காரணம்.

முதலில் கியர்பாக்ஸ் எந்த வகை?

இந்தியாவில் 'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே பெயரில் விற்கப்படும் கார்களுக்குள் நான்கு வேறு இயந்திரங்கள் உள்ளன. வீட்டில் எண்ணெய் மாற்றலாமா என்பதை இதுவே தீர்மானிக்கிறது.

* ஏஎம்டி: 2014-இல் மாருதி சுசுகி செலெரியோ மூலம் இந்தியச் சந்தைக்கு வந்த வகை. உள்ளே இருப்பது வழக்கமான கைமுறை கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் கருவி ஒன்று இயக்குகிறது. இதற்கு ஏடிஎஃப் ஊற்றக் கூடாது. கையேடு கூறும் கியர் ஆயிலே தேவை. இயக்கும் கருவிக்குத் தனி எண்ணெய் இருந்தால் அதைப் பணிமனையிடம் விட்டுவிட வேண்டும்.

* டார்க் கன்வெர்ட்டர் வகை: மேலே விவரிக்கப்பட்ட, பழைமையான தானியங்கி முறை. வடிக்கும் போல்ட்டும் நிரப்பும் போல்ட்டும் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால், வடித்து நிரப்பும் பணியைப் பொறுமையுள்ளவர் வீட்டிலேயே செய்ய இயலும்.

* சிவிடி: பல்சக்கரங்களுக்குப் பதிலாக இரு கப்பிகளும் ஒரு எஃகுப் பட்டையும் கொண்டது. பட்டை கப்பியில் வழுக்காமல் பற்றியிருக்க இதற்கென்றே தயாரிக்கப்பட்ட எண்ணெய் வேண்டும். சாதாரண ஏடிஎஃப் ஊற்றினால் பட்டையும் கப்பியும் சேதமடையும். சரியான எண்ணெய் கிடைத்தால் பல மாடல்களில் வடித்து நிரப்புவது எளிது.

* இரட்டைக் கிளட்ச் வகை: உலர் கிளட்ச், ஈரக் கிளட்ச் என இரு பிரிவுகள் உண்டு. மின்னணுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குத் தனி எண்ணெய், தனி வடிகட்டி, கணினிவழிச் சரிசெய்தல் எனப் படிகள் அதிகம். இதை வீட்டில் முயலாதிருப்பதே நல்லது.

ஹைபிரிட் கார்களில் உயர் மின்னழுத்தக் கம்பிகள் கியர்பாக்ஸ் வரை செல்கின்றன. ஆரஞ்சு நிற உறையுள்ள எந்தக் கம்பியையும் பயிற்சி இல்லாதவர் நெருங்கக் கூடாது.

சிவப்பாக இருப்பதெல்லாம் ஒரே எண்ணெய் அல்ல

ஏடிஎஃப் பெரும்பாலும் சிவப்பு. அது வெறும் சாயம். கசிவு ஏற்பட்டால் எஞ்சின் ஆயிலிலிருந்து பிரித்தறிவதற்காகச் சேர்க்கப்படுவது. தரத்தையோ வகையையோ அந்த நிறம் சொல்லாது. சிவிடி எண்ணெய்களில் பச்சை, நீலம், மஞ்சள் நிறங்களும் உண்டு.

தேவைப்படுவது கையேட்டில் அச்சிடப்பட்டுள்ள குறியீடு. டொயோட்டாவின் பல தானியங்கி கார்களுக்கு 'டபிள்யூஎஸ்', ஹோண்டாவின் பல சிவிடி கார்களுக்கு 'எச்சிஎஃப்-2', நிஸானின் பல சிவிடி கார்களுக்கு 'என்எஸ்-3', ஹூண்டாய், கியா நிறுவனங்களின் பல ஆறு கியர் தானியங்கிகளுக்கு 'எஸ்பி-4' என ஒவ்வொன்றுக்கும் தனித் தரநிலை இருக்கிறது. ஒரே மாடலிலும் தயாரிப்பு ஆண்டைப் பொறுத்துக் குறியீடு மாறலாம். 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று கடைக்காரர் கூறுவது கையேட்டுக்கு மாற்றாகாது.

கிளட்ச் தட்டுகளின் பிடிப்பைச் சீராக்கும் சேர்மம் எவ்வளவு முக்கியமானது என்பதற்கு வரலாற்றில் ஒரு சான்று உள்ளது. ஒரு காலத்தில் அமெரிக்காவில் ஏடிஎஃப்-இல் அந்தப் பணியைச் செய்தது திமிங்கல எண்ணெய். அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களைக் காக்கும் சட்டங்கள் 1970-களின் தொடக்கத்தில் அதைத் தடுத்தபோது, தயாரிப்பாளர்கள் புதிய சேர்மங்களைத் தேடிக் கலவையையே மாற்றியமைக்க வேண்டியிருந்தது. நூற்றுக்கு ஒரு சில பங்கே இருக்கும் பொருள், முழு இயந்திரத்தின் போக்கையும் தீர்மானிக்கிறது.

போலி எண்ணெய் குறித்தும் எச்சரிக்கை தேவை. காலி டப்பாக்களில் தரமற்ற எண்ணெய் நிரப்பி விற்கப்படும் அபாயம் உள்ளது. நிறுவனத்தின் உதிரிபாக விற்பனை நிலையத்திலோ அதிகாரப்பூர்வ முகவரிடமோ ரசீதுடன் வாங்குவது பாதுகாப்பானது. பயன்படுத்திய பின் டப்பாவையும் மூடியையும் வெட்டிவிட்டு எறிவது, அது மீண்டும் சந்தைக்கு வராமல் தடுக்கும்.

தேவையான பொருள்கள்

சரியான எண்ணெய் (ஒரு லிட்டர் கூடுதலாக), வடிக்கும் போல்ட்டுக்கும் அளவு பார்க்கும் போல்ட்டுக்கும் புதிய வாஷர்கள், பொருத்தமான ஸ்பேனர்கள், டார்க் ரெஞ்ச், நான்கு ஜாக் ஸ்டாண்டுகள், சக்கரங்களுக்கு முட்டுக்கட்டைகள், அகன்ற வடிதட்டு, அளவுக்கோடுள்ள பாத்திரம், நீண்ட குழாயுடன் கூடிய புனல் அல்லது கைப்பம்பு, கையுறை, கண்ணாடி ஆகியவை தேவை. எண்ணெயின் வெப்பநிலையை அறிய, காரின் கண்டறி முனையில் பொருத்தும் ஓபிடி கருவி வேண்டும். எண்ணெய்த் தொட்டியின் வெளிப்புறத்தில் அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டிப் பார்க்கலாம் எனினும், அது தோராயமான அளவையே தரும்.

செய்முறை: படிப்படியாக

1. இடம்: தரை சமமாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். வழுவழுப்பான ஓடு பதித்த வாகன நிறுத்தத்தில் ஜாக் நழுவக்கூடும். நிலத்தடி வாகன நிறுத்தத்தில் எஞ்சினை ஓட விட்டு வேலை செய்யக் கூடாது. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். குடியிருப்புச் சங்கத்தின் அனுமதியையும் முன்னதாகப் பெறுவது நல்லது.

2. காரை உயர்த்துதல்: முன்பக்கத்தை மட்டும் உயர்த்தினால் கார் சாய்ந்து, எண்ணெய் அளவு தவறாகும். நான்கு பக்கமும் சம உயரத்தில், கையேடு காட்டும் இடங்களில் ஜாக் ஸ்டாண்டுகளை வைக்க வேண்டும். ஜாக் என்பது தூக்குவதற்கு மட்டுமே. அதை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் செல்லக் கூடாது. செங்கல், மரக்கட்டை ஆகியவற்றை அடுக்கி முட்டுக் கொடுப்பதும் கூடாது.

3. நிரப்பும் போல்ட்டை முதலில் தளர்த்துக: இதுவே பலர் தவறும் இடம். எண்ணெயை முழுவதும் வடித்த பின், நிரப்பும் போல்ட் துருப்பிடித்துத் திறக்க மறுத்தால், கார் அசைய வழியின்றி நின்றுவிடும். நிரப்பும் வழி திறக்கிறது என்று உறுதியான பிறகே வடிக்கும் போல்ட்டைத் தொட வேண்டும்.

4. வடித்தல்: எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடிப்பது ஏற்றது. நெடுந்தூரம் ஓட்டி வந்தவுடன் வடித்தால் 90 டிகிரி அளவிலான எண்ணெய் கையைச் சுடும். சில கார்களில் வடிக்கும் போல்ட்டுக்கு மேலே ஒரு வழிந்தோடும் குழாய் இருக்கும். அதையும் கழற்றினால்தான் எண்ணெய் முழுமையாக இறங்கும்.

5. அளத்தல்: வடிந்த எண்ணெயை அளவுப் பாத்திரத்தில் ஊற்றிக் குறித்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு வெளியேறியதோ, முதற்கட்டமாக அவ்வளவே உள்ளே செல்ல வேண்டும்.

6. மூடுதல்: புதிய வாஷருடன் வடிக்கும் போல்ட்டைக் கையால் சுழற்றிப் பொருத்தி, கையேடு கூறும் விசைக்கு மட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். கியர்பாக்ஸ் உறை அலுமினியத்தால் ஆனது. அளவுக்கு மீறி இறுக்கினால் மரை கழன்றுவிடும்.

7. நிரப்புதல்: புனல் வழியே மெதுவாக ஊற்ற வேண்டும். தூசி, நூல், தண்ணீர்த் துளி எதுவும் உள்ளே போகக் கூடாது.

8. சுழற்சி: எஞ்சினை இயக்கி, பிரேக்கை அழுத்தமாக மிதித்தபடி பி, ஆர், என், டி என ஒவ்வொரு நிலையிலும் சில விநாடிகள் நிறுத்தி மீண்டும் பி-க்கு வர வேண்டும். சக்கரங்கள் தரையில் இல்லாத நிலை என்பதால், இந்த நேரத்தில் காருக்கு அடியிலோ அருகிலோ எவரும் இருக்கக் கூடாது.

அளவும் வெப்பநிலையும்

மாற்றும் பணியில் மிக நுட்பமான கட்டம் இதுவே. எண்ணெய் சூடாகும்போது விரிவடைகிறது. 8 லிட்டர் எண்ணெய் 50 டிகிரி சூடேறினால் கால் லிட்டருக்கும் சற்று மேலாகப் பெருகும். குளிர்ந்த நிலையில் சரியாகத் தெரியும் அளவு, ஓடும் நிலையில் மிகுதியாகிவிடும். அதனால்தான் அளவு பார்க்க வேண்டிய வெப்பநிலையைக் கையேடுகள் குறிப்பிடுகின்றன. பல மாடல்களில் அது 35 முதல் 45 டிகிரி வரையிலான குறுகிய இடைவெளி. அந்த நேரத்தில் அளவு பார்க்கும் போல்ட்டைத் திறந்தால், எண்ணெய் மெல்லிய இழையாக வழிந்து சொட்டாக மாற வேண்டும். எதுவும் வராவிட்டால் எண்ணெய் குறைவு. இன்னும் ஊற்ற வேண்டும். சில கார்களில் எஞ்சின் ஓடும்போதும், சிலவற்றில் அணைத்த ஓரிரு நிமிடத்துக்குள்ளும் பார்க்க வேண்டும். இந்த விவரத்தை ஊகிக்க இடமில்லை.

நெருளில் ஏப்ரல், மே மாதப் பகற்பொழுதில், நிறுத்தி வைத்த காரின் எண்ணெயே ஏறத்தாழ 35 டிகிரியில் இருக்கும். எஞ்சினை இயக்கிய சில நிமிடங்களிலேயே அந்த இடைவெளி கடந்துவிடும். அதிகாலையில் வேலையைத் தொடங்குவது இதற்கு எளிய தீர்வு.

எண்ணெய் மிகுந்தால் சுழலும் பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்கும். நுரையால் அழுத்தம் தர முடியாது. குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும். கிளட்ச் தட்டுகள் வழுக்கிக் கருகும். இரண்டின் விளைவும் ஒன்றே.

ஒருமுறை வடித்தால் பாதிதான் மாறும்

டார்க் கன்வெர்ட்டர், குளிர்விப்பான், வால்வு பாடி ஆகியவற்றில் தங்கியுள்ள எண்ணெய், வடிக்கும் போல்ட் வழியே இறங்காது. எடுத்துக்காட்டாக, மொத்தம் 7 லிட்டர் கொள்ளும் கியர்பாக்ஸில் 3.5 லிட்டர் மட்டும் வடிகிறது என்று கொள்வோம். முதல் மாற்றத்துக்குப் பின் பாதி புதியது. சில நூறு கிலோமீட்டர் ஓட்டி மீண்டும் வடித்து நிரப்பினால் 75 விழுக்காடு புதியது. மூன்றாம் முறையில் 87.5 விழுக்காடு. இதற்கு 10.5 லிட்டர் எண்ணெய் செலவாகும்.

இயந்திரத்தின் உதவியால் முழு எண்ணெயையும் ஒரே முறையில் மாற்றும் வசதி பணிமனைகளில் உண்டு. எனினும், நெடுங்காலம் மாற்றப்படாத கியர்பாக்ஸில் அழுத்தம் கொடுத்து அலசினால், படிந்திருக்கும் துகள்கள் பெயர்ந்து வால்வுகளை அடைக்கும் அபாயம் உள்ளது. படிப்படியாக வடித்து நிரப்புவது மெதுவானது, ஆனால் மென்மையானது.

வடித்த எண்ணெய் சொல்லும் செய்தி

கருஞ்சிவப்பு அல்லது பழுப்பு நிறம், பயன்பாட்டின் இயல்பான அடையாளம். கருகிய வாடையுடன் கறுத்திருந்தால் கிளட்ச் தட்டுகள் கருகியிருக்கலாம். வடிக்கும் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை போன்ற மென்துகள் ஒட்டியிருப்பது வழக்கமானதே. விரலில் குத்தும் உலோகச் சீவல்களோ துண்டுகளோ தென்பட்டால், உள்ளே ஏதோ உடைந்து தேய்கிறது என்று பொருள்.

இளஞ்சிவப்புப் பால் போன்ற நிறம் மிகவும் கவலைக்குரியது. எண்ணெயில் நீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டருக்குள் இருக்கும் குளிர்விப்பான் கசிந்தாலோ, வெள்ளநீரில் கார் மூழ்கியபோது காற்றுப்போக்கி வழியே நீர் புகுந்தாலோ இவ்வாறு நேரும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை மும்பைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு பருவமழையிலும் தாழ்வான சாலைகளில் கார்கள் நீரில் சிக்குகின்றன. கிளட்ச் தட்டின் உராய்வுப் பரப்பை ஒட்டவைத்துள்ள பசையை நீர் சிதைக்கும். ஆகவே கதவளவு நீரில் நின்ற காரை இயக்கிப் பார்க்காமல் பணிமனைக்கு இழுத்துச் செல்வதே முறை.

எப்போது வீட்டில் செய்யக் கூடாது?

கியர் ஏற்கெனவே வழுக்குகிறது, டி-க்கு மாற்றினால் கார் நகரத் தாமதமாகிறது, எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்றால், எண்ணெய் மாற்றம் அதற்கு மருந்தல்ல. தேய்ந்த தட்டுகளைப் புதிய எண்ணெய் மீட்காது. "எண்ணெய் மாற்றியதும் கியர்பாக்ஸ் போய்விட்டது" என்ற பேச்சுக்குப் பின்னால், பெரும்பாலும் முன்பே பழுதான கியர்பாக்ஸ் இருக்கும். இத்தகைய நிலையில் முதலில் தேவைப்படுவது கண்டறிதல்.

தொட்டியைக் கழற்றி வடிகட்டியை மாற்ற வேண்டிய மாடல்கள், வெப்பநிலை படிக்கும் கருவி கைவசம் இல்லாத நிலை, சமதரை கிடைக்காத இடம் ஆகியவையும் பணிமனையை நாட வேண்டியவையே.

உத்தரவாதம் பறிபோகுமா?

வெளியில் வேலை பார்த்தால் உத்தரவாதம் முழுவதும் ரத்தாகும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும் கண்டறி கருவிகளும் தனியார் பணிமனைகளுக்குத் தாராளமாகக் கிடைக்காமல் செய்தது குற்றச்சாட்டு. தனிப் பணிமனையை நாடினாலே உத்தரவாதம் ரத்து என்று பொதுவான நிபந்தனை விதிக்கக் கூடாது என்றும், வெளியில் நடந்த தவறான பழுதுபார்ப்பால் ஏற்பட்ட சேதத்தின் அளவுக்கே உத்தரவாதத்தை மறுக்கலாம் என்றும் ஆணையம் கூறியது. அந்த உத்தரவை எதிர்த்து நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன.

பின்னர், 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' குறித்துக் குழு அமைத்தது. அது கவனம் செலுத்திய நான்கு துறைகளில் வாகனத் துறையும் ஒன்று. அதற்கான இணையத்தளம் அதே ஆண்டு டிசம்பரில் தொடங்கப்பட்டது.

ஆயினும் நடைமுறையில், தவறு யாருடையது என்று நிறுவும் சுமை உரிமையாளரின் தலையில் விழக்கூடும். ஆகவே உத்தரவாதக் காலம் முடியும் வரை அதிகாரப்பூர்வப் பணிமனையில் மாற்றுவதே சிக்கலற்றது. அதன்பின் வீட்டில் மாற்றுவோர், எண்ணெய் ரசீது, தேதி, கிலோமீட்டர் கணக்கு, புகைப்படம் ஆகியவற்றைச் சேமித்து வைக்க வேண்டும். காரை விற்கும்போதும் இந்தப் பதிவு பயன்படும்.

பழைய எண்ணெய் எங்கே செல்ல வேண்டும்?

வேலை முடிந்ததும் மிஞ்சுவது சில லிட்டர் பழைய எண்ணெய். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய எண்ணெய் அபாயகரக் கழிவாகும். 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட திருத்தத்தின்படி, பயன்படுத்திய எண்ணெயின் மறுசுழற்சிக்கான பொறுப்பு அதன் உற்பத்தியாளர்கள் மீதும் இறக்குமதியாளர்கள் மீதும் சுமத்தப்பட்டு, 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

நெருளில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. நவி மும்பையின் மழைநீர் வடிகால்கள், கடல் ஏற்றத்தைச் சமாளிக்கக் கட்டப்பட்ட தேக்கக் குளங்கள் வழியாகக் கழிமுகத்தில் கலக்கின்றன. பாம் பீச் சாலையை ஒட்டிய ஈரநிலங்களுக்கு ஆண்டுதோறும் பூநாரைகள் வருகின்றன. கழிமுகத்தின் ஒரு பகுதி 2015-இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. வாகன நிறுத்தத்தின் வடிகாலில் ஊற்றும் எண்ணெய் சென்று சேரும் இடம் அதுவே.

பழைய எண்ணெயைக் கசியாத டப்பாவில் அடைத்து, வேறு எந்தத் திரவமும் கலக்காமல், அதை ஏற்றுக்கொள்ளும் பணிமனையிடமோ அங்கீகரிக்கப்பட்ட சேகரிப்பாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். எண்ணெய் வாங்கும்போதே, பழையதைத் திரும்பப் பெறுவார்களா என்று விசாரிப்பது நல்லது. பங்கார்வாலாவிடம் விற்றால், அது எங்கோ எரிபொருளாகப் புகையக்கூடும். தரையில் சிந்தியதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல், மரத்தூள் அல்லது மணலைத் தூவி உறிஞ்சவைத்துத் தனியே கட்டி அகற்ற வேண்டும்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

'ஆயுட்கால எண்ணெய்' என்ற சொல்லை அப்படியே ஏற்காமல், கையேட்டில் கடுமையான பயன்பாட்டுக்கான அட்டவணையை முதலில் பார்க்க வேண்டும். கியர்பாக்ஸின் வகையும் எண்ணெயின் குறியீடும் ஐயமின்றித் தெரிந்த பிறகே அடுத்த படி. நிரப்பும் போல்ட் முதலில், வடிக்கும் போல்ட் பின்னர். கையேடு கூறும் வெப்பநிலையில் அளவு. நான்கு ஸ்டாண்டுகள் இல்லாமல் காருக்கு அடியில் செல்வதில்லை. இவற்றுள் ஒன்று குறைந்தாலும், அந்த வேலையைப் பணிமனையிடம் ஒப்படைப்பதே சிக்கனம். எண்ணெயை எங்கே மாற்றினாலும், உரிய காலத்தில் மாற்றினால்தான் கியர்பாக்ஸ் நிலைக்கும்.